பாய்லரின் நாலாம் கொட்டகை

திருவள்ளூர் தாலுகாவில் அரசாங்கத்தோடு நின்று சண்டை போட்டவர்கள் நிறைய பேர். படுத்துக்கொண்டே சண்டை போட்டு ஜெயித்தவர் ஒருவர்தான். அவர் பாய்லர்.

அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பாய்லரைப் பார்த்துக்கொண்டதால் அந்தப் பேர். அந்த மிஷினாவது சீறுவதற்கு முன்னால் கொஞ்சம் முனகும். இவருக்கு அந்த வழக்கமும் கிடையாது. நெல் காயப்போடும் களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் விடுதியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊராட்சி ஒன்றியம் நடத்திய ஆதரவற்றோர் விடுதி. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே கிளார்க்.

விடுதிக்கு மூன்று கொட்டகைகள். இரண்டு சமையலறையை ஒட்டி இருந்தன. மூன்றாவது பெரியபாளையம் சாலையில் அரை மைல் தள்ளி. கன்னியம்மா ஆயா தினமும் இரண்டு வேளை தள்ளுவண்டியில் சோறும் தண்ணீரும் அங்கே கொண்டுபோவாள். அந்த வழியில்தான் பாய்லரின் வீடு. ஓர் அறை, ஓட்டுக் கூரை.

தடியூன்றி நாலடி நடக்க முடிந்த அன்றே, வீட்டுக்குப் போகிறேன் என்றார். காரணம் இருந்தது. எங்கள் கொட்டகைகளுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுவார்கள், மாட்டைக் கட்டுகிற மாதிரி. நானும் அதைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்கினேன். அவர் கேட்டதும் பெரிதில்லை. சோற்று வண்டி தன் வாசலில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ஒரு தட்டுச் சோறு, ஒரு குடம் தண்ணீர்.

முடியாது என்றார் ஒன்றிய ஆணையர். கொட்டகையை விட்டுப் போனால் சோறு கிடையாது. அதோடு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் அனுப்ப முடியும்.

"ஆளு இருந்தா நான் இன்னாத்துக்கு சார் இங்க வந்து குந்திக்கினு கெடக்கறேன்?"

"அதுதான் ரூல்."

"அப்ப அந்த ரூலயே வந்து எனக்குத் தண்ணி எடுத்து ஊத்தச் சொல்லு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு மனு. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி ஆபீசுக்கு வருவார். தூக்கி வருகிற நாலு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்து இருமிவிட்டுத்தான் வருவார்கள். ஆணையர் பின்வாசல் வழியாகத் தப்பினார். அடுத்த வாரம் கட்டில் பின்வாசலில் இறங்கியது.

ஒரு மனுவில், தன்னைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு நாய் சம்மதித்துவிட்டது என்று எழுதவைத்தார். ஆணையர் சிரிக்கவில்லை. 'நாய் ஏற்புடையதல்ல' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி எனக்கு அனுப்பினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தட்டுச் சோற்றை அரை மைலுக்குள் இறக்கி வைக்கத் துப்பில்லாத ஆபீசுக்கு முத்திரை ஒரு கேடு.

அந்த ஆடி மாதம் மேலதிகாரி பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. அப்படி வந்தால் எங்கள் ஆபீசுக்குத் தெரிந்த ஒரே வேலை, கொட்டகைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, கதவில் தாரால் நம்பர் எழுதுவது. பாய்லர் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டுதல் என்று ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் லீவு வாங்கினார். கோயில் பக்கமே போகவில்லை. தன் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் கொட்டகையை முடித்துவிட்டுத் திரும்பிய சுண்ணாம்புக்காரரைக் கூப்பிட்டு, மூணு எழுதினவன் நாலு எழுத மாட்டியா என்று அதட்டியிருக்கிறார். அந்த மனுஷன் பயந்துபோய், சுவருக்கு இரண்டு பூச்சு அடித்து, கதவில் பெரிதாக 4 எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் ஜீப் அந்தக் கதவு முன்னால் நின்றது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மேலதிகாரி தட்டினார். பாய்லர் சாவகாசமாகத் திறந்தார்.

"இங்கே எத்தனை பேர்?"

"ஒரே ஆளு சார். எடம் தாராளமா கீது."

"சாப்பாடு?"

"வண்டி வர்ற நேரம்தான்."

கன்னியம்மா ஆயா வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள், நம்பரைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்திச் சோற்றைப் போட்டாள். கூட வந்திருந்த ஆணையர் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இது நம்முடையதல்ல என்றால், தன் கொட்டகை எத்தனை என்றே தெரியாதவர் ஆகிவிடுவார். மேலதிகாரி பார்வையாளர் புத்தகத்தில், நாலாம் கொட்டகை மிகச் சுத்தம், மற்றவை இதைப் பின்பற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆணையர் என்மேல் பாய்ந்தார். அப்படி ஒரு கொட்டகையே இல்லை என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றேன். அவர் எழுதவில்லை. நான் எழுதினேன். நாலாம் கொட்டகை, ஆள் ஒருவர், சோறு இரண்டு வேளை.

கிளார்க் மாதம் ஒருமுறை ஒவ்வொரு கொட்டகையையும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. நாலாம் கொட்டகையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் இருந்தவரை வாரம் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.