சிக்கிக்கொண்ட சிவப்புத் தோட்டா

‘சடக் சடக்’ என்று இரண்டு தரம் சொல்லவேண்டிய துப்பாக்கி, ‘சடக்’ என்று ஒரு தரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

முனிகிருஷ்ணன் பிடியைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அப்போதும் வரவில்லை. உள்ளே போன தோட்டா, தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, கிளம்புகிற யோசனையே இல்லாமல் உட்கார்ந்துவிட்டது.

“வந்துடு சாமி, வந்துடு! போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே வந்துக்கினு இருந்தே?” என்று கெஞ்சினார்.

மல்லேஸ்வரத்தில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்கு அவர்தான் காவலர். பல வருஷமாக அவர் தோளில் தொங்கியது ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. மடக்கினால் திறக்கும், தோட்டாவை வைத்தால் போகும், எடுத்தால் வரும், தகராறே கிடையாது. தலைமை அலுவலகத்துக்கு அது பிடிக்கவில்லை. அதை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, குழலுக்கு அடியில் இருக்கும் பிடியை முன்னும் பின்னும் இழுத்தால் தோட்டா ஏறி இறங்குகிற புது பம்ப் துப்பாக்கி ஒன்றை அனுப்பியிருந்தது. நிஜத் தோட்டாக்கள் இருக்கும் பெட்டியின் சாவி மேனேஜரிடம். பழகிக்கொள்வதற்காக மருந்தில்லாத சிவப்பு பிளாஸ்டிக் தோட்டாக்கள் சில, முனிகிருஷ்ணனின் மேஜை இழுப்பறையில் கிடந்தன. தினமும் காலையில் கதவைத் திறந்துவிட்டு, எதிர்க் கடையில் ஒரு காபி குடித்துவிட்டு வந்து, அவற்றை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்.

இப்போது அந்தக் காவல் வேலைக்குத்தான் ஆபத்து. வெள்ளிக்கிழமை செக்யூரிட்டி ஆபீசர் உமேஷ் வருகிறார். அவர் கண்ணெதிரே ஏற்றி இறக்கிக் காட்டவேண்டும். காட்டத் தெரியாதவர்களை ஹெப்பகோடி கிடங்கு வாசலில் லாரிகளுக்குக் கதவு திறந்துவிட அனுப்புகிறாராம், அதுவும் கையில் வெறும் தடியோடு! தடியோடு நிற்கும் தன்னை முனிகிருஷ்ணன் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

“இன்னா மேன், ஸ்டக் ஆயிடுச்சா?” என்று ஓடி வந்தார் கேஷியர் ஆம்ப்ரோஸ். காக்ஸ் டவுன்காரர். அவருடைய மாமா ஒருவர் எப்போதோ காட்டுப்பன்றி சுட்டாராம். அந்தத் தகுதியில் ஆம்ப்ரோஸுக்குத் துப்பாக்கி பற்றி எல்லாம் தெரியும். “ட்ரையா இருக்கு மேன். தேங்கா எண்ணெய் வுடு!”

விட்டார்கள். தாராளமாகவே விட்டார்கள். முனிகிருஷ்ணன் பிடியை இழுத்ததும் தோட்டா வழுக்கிக்கொண்டு பறந்தது. பறந்து, மேனேஜர் சங்கமித்ராவின் காபி டம்ளரில் ‘பொளக்’ என்று விழுந்தது.

“முனிகிருஷ்ணன்!”

“வந்துடுச்சு மேடம்! வெளிய வந்துடுச்சு!” என்று அவர் குதித்த குதியில் மேனேஜருக்குத் திட்டவும் மனசு வரவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த வள்ளியம்மாதான் காபித் தோட்டாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அண்ணா, உங்கள ஹெப்பகோடிக்கு அனுப்பிடுவாங்களாமே? நீங்க போயிட்டா இங்க எனக்கு யாருண்ணா இருக்காங்க? நான் சாமிய வேண்டிக்கிறேன்.”

“வேண்டிக்கம்மா. நல்லா வேண்டிக்கோ.”

மறுநாள் காபி குடித்துவிட்டு வந்து ஏற்றினார். முன்பு ஒரு தோட்டா சிக்கியது, இப்போது இரண்டு. எண்ணெயில் ஏதோ களிம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு, கிளறியெடுத்த துணியெல்லாம் சிவப்பாகிவிட்டது.

“சாயம் போவுது மேன்! மட்டமான பிளாஸ்டிக்,” என்றார் ஆம்ப்ரோஸ். “எண்ணெய் வேஸ்ட். கெரசின்!”

அன்று சாயங்காலம் முனிகிருஷ்ணன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷை விட்டுக் குழலைத் தேய்த்தார். தோட்டாக்களைப் பாத்திரம் விளக்குகிற நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். தன் பிள்ளைகளைக்கூட அவர் அப்படிக் குளிப்பாட்டியதில்லை. துடைத்து ஏற்றினார். சடக். சடக். தேன் மாதிரி ஓடியது! நோட்டு எண்ணும் இயந்திரத்தின் மேல் ஆயுத பூஜைக்குப் போட்டு வாடிப்போயிருந்த சாமந்தி மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தோட்டாக்களை இழுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

விடிந்தது. காபி. திரும்பி வந்தார். ஏற்றினார். சடக்.

அவ்வளவுதான்.

“ஐயோ, நேத்து வந்துச்சே!” என்று அவர் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆம்ப்ரோஸ் அதற்குள் போனில் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோவைக் கண்டுபிடித்திருந்தார். “இதோ பாரு! பிடியை இழுத்துக்கினே கட்டையைத் தரையில ஒரே குத்து. அதுவா வந்துடும்!”

“தரை ஒடையாதா?”

“என் கவுன்ட்டருக்கு உள்ள வா. கார்ப்பெட் கீது.”

முனிகிருஷ்ணன் உள்ளே போனார். குலசாமியை நினைத்துக்கொண்டு ஓங்கிக் குத்தினார். அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான், கொள்ளைக்காரன் வந்தால் கேஷியர் காலால் அழுத்துவதற்காக அலாரம் பொத்தான் இருந்தது.

மல்லேஸ்வரமே அலறுவது மாதிரி அலாரம் அலறியது. டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் தரையில் படுத்தார்கள். ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாக, “எல்லாத்தையும் எடுத்துக்கோங்க, என்னை விட்டுடுங்க!” என்று பாஸ்புக்கை நீட்டினார். பொத்தான் பக்கமே கால் வைக்காத ஆம்ப்ரோஸ், “நான் அமுக்கலை! நான் அமுக்கலை!” என்று கத்தினார். சற்று நேரத்தில் போலீஸின் ஹொய்சளா ரோந்து வண்டி வாசலில் வந்து நின்றது. உள்ளே பாய்ந்த போலீஸ்காரர்கள் கண்டது, துப்பாக்கியோடு கவுன்ட்டருக்குள் நிற்கும் ஓர் ஆளை!

“கை மேலெத்து!”

“சார், நான் வாட்ச்மேன் சார்!”

சங்கமித்ரா போலீஸுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்புவதற்குள் மதியம் ஆகிவிட்டது. திரும்பி வந்தவரின் குரல் மெதுவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“நாளைக்கு உமேஷ் சார் முன்னாடியும் சிக்கிச்சுன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது முனிகிருஷ்ணன். நானே ஹெப்பகோடிக்கு லெட்டர் டைப் பண்ண வேண்டியதுதான்.”

அன்றைக்கும் முனிகிருஷ்ணன் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வரும்படி, உமேஷ் சீக்கிரமே வந்துவிட்டார். பெரிய மீசை. கன்னடம் கலந்த பெரிய குரல்.

“ஏன்ரீ, ஸ்வல்ப காட்டுங்க, நோடோணா, பார்ப்போம்!”

கிளை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தூரத்தில் வள்ளியம்மா கண்ணை மூடிக் கைகூப்பினாள். முனிகிருஷ்ணன் ஏற்றினார். சடக். இழுத்தார். வரவில்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “சார், நான் சோம்பேறி இல்ல சார்! தேங்கா எண்ணெய் போட்டேன், கெரசின் போட்டேன், பல்லு பிரஷ்ல தேய்ச்சேன், தோட்டா ஒவ்வொண்ணையும் நார் போட்டுக் கழுவினேன். நேத்துகூட கண்ணாடியாட்டம் வெச்சுட்டுப் போனேன் சார்!”

“கொடி இல்லி, இங்க கொடுங்க!” என்று உமேஷ் துப்பாக்கியைப் பிடுங்கினார். இழுத்தார். முழங்காலில் வைத்து இழுத்தார். மீசை நடுங்க இழுத்தார். கடைசியில் தோட்டா உரிந்துகொண்டு வந்தது. அவர் விரலெல்லாம் சிவப்பு. அதே விரலால் வியர்வையைத் துடைத்ததில் நெற்றி நடுவில் ஒரு தீற்று.

“சாயம் போகுது, நோடி! துப்பாக்கியும் மட்டம், தோட்டாவும் மட்டம். ஆள் மேல தப்பே இல்ல!” என்று முழங்கினார். “மேடம், இதை மொத்தமா வாபஸ் அனுப்புங்க. இவருக்குப் பழைய டபுள் பேரலையே கொடுத்துடுங்க. தினமும் இவ்வளவு அக்கறையா சுத்தம் பண்ற ஆளை நான் எந்த பிராஞ்ச்லயும் பாக்கல. இவர் இங்கயே இருக்கணும்!”

ஆம்ப்ரோஸ் விசிலடித்தார். சங்கமித்ரா சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து பழைய இரட்டைக்குழல் வந்தது. முனிகிருஷ்ணன் அதைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள் வள்ளியம்மா. “பாத்தீங்களாண்ணா சாமி சக்திய? ஆயுத பூஜையிலருந்து தெனம் நீங்க காபிக்குப் போனதும், அந்தத் தோட்டாவுங்களுக்கு ஒண்ணு விடாம சந்தனமும் குங்குமமும் கொழைச்சுப் பூசிக்கினே இருந்தேன், நீங்கதான் பாவம், தெரியாம தொடைச்சுத் தொடைச்சு வெச்சீங்க!”