எண்ணெய் மெசினுக்கு நான் வைத்த பொட்டு

ஆரணி, கவின், இரண்டு பேரும் இதை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வாசிக்கும்போது சிரிக்கலாம், தடையில்லை. ஆனால் வாசித்து முடித்த பிறகு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் சொல்லுகிற அந்தக் கதையைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும்.

எந்தக் கதை என்று உங்களுக்குத் தெரியும். அம்மா புதுத் தையல் மெசின் வாங்கி வந்த அன்று, "அப்பாவைக் கிட்ட விடாதேங்கோ, பொட்டு வைச்சிடுவார்!" என்று கத்தினது யார்? (கவின், நீ தலையைக் குனியாதே. நீதான்.) அம்மா சிரித்த சிரிப்பில் மெசின் கையிலிருந்து விழப் பார்த்தது. உங்கள் கதையில் அப்பா பக்தி முற்றிப் போய் பேக்கரி மெசினுக்குப் பொட்டு வைக்கிறார், மெசினுக்குக் கண் தெரியாமல் போகிறது. அது பாதிக் கதை. மற்றப் பாதியில் பக்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை. முழுக்கச் சந்தேகம்.

கிளிநொச்சியில் அப்பா பாண் போடுகிறார் என்று ஆரணி பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்த காலத்தில், நான் பாண் போடவில்லை. பாண் அச்சுகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். தகர அச்சுக்குள் மாவை வைக்க முன்னம் உள்ளே எண்ணெய் பூச வேண்டும். பூசாவிட்டால் பாண் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பேணி எண்ணெய், ஒரு தூரிகை, ஒரு முக்காலி. இவ்வளவும்தான் என் கந்தோர், என் அலுவலகம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அந்த வேலையில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. நான் ஒரு நாள் லீவு எடுத்தால் பளையிலிருந்து புளியங்குளம் வரைக்கும் சனங்கள் பாணைத் தகரத்தோடு சேர்த்துக் கடிக்க வேண்டி வரும் என்று உண்மையாகவே நம்பியிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் முதலாளி செல்வம் அண்ணை ஒரு மெசினை இறக்கினார்.

லொறியிலிருந்து இறக்கும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. நீட்டு மேசை மாதிரி ஒன்று. மேலே ஓடுகிற பட்டி. நடுவில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய் வாய்கள். பட்டியில் அச்சை வைத்தால் அது போய்ப் பெட்டிக்குக் கீழே நிற்கும், குழாய்கள் எண்ணெயைப் புகை மாதிரி அடிக்கும், அச்சு மற்றப் பக்கத்தால் வெளியே வரும்.

"என்ன தவம், மெசின் எப்படி?" என்று முதலாளி கேட்டார்.

"நல்லாயிருக்கு அண்ணை," என்றேன். (வயிறு எரிந்தது.)

கணக்குப் பாடத்தில் நான் கெட்டிக்காரன் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு உடனே விளங்கியது. மெசின் எண்ணெய் பூசும். நானும் எண்ணெய் பூசுவேன். ஒரு பேக்கரிக்கு இரண்டு பேர் எதற்கு? ஆரணி அப்போது முதலாம் வகுப்பு. கவின் அம்மாவின் வயிற்றில். அந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு நான் எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. பாண் வேகிற போறணையில் நிற்கிற ராசன் வேறு, எரிகிறதில் விறகு வைத்தான்.

"தவம், இனி உனக்கு என்ன வேலை தெரியுமே? மெசினுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது."

மெசினைப் பொருத்திப் பூட்ட வவுனியாவிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். பெயர் தர்ஷினி. அவளுடைய தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து வவுனியாப் பக்கம் தோட்டம் செய்கிறவர்கள். தோளில் குறடும் சாவிகளும் நிறைந்த ஒரு கனத்த ஆயுதப் பை, காலில் சப்பாத்து. எனக்கு அவளிலும் சந்தேகம். இவ்வளவு சின்னப்பிள்ளை இவ்வளவு பெரிய மெசினை எப்படிப் பூட்டும்? பூட்டத் தெரியாதென்றால் ஏன் வந்தது? பூட்டத் தெரியுமென்றால் அது அதைவிட மோசம்.

வியாழக்கிழமை பின்னேரம் சோதனை ஓட்டம். ஒவ்வொரு அச்சுக்கும் பூனை சீறுகிற மாதிரி 'புஸ்' என்று ஒரு சத்தம். எண்ணெய் வந்த மாதிரியே எனக்குத் தெரியவில்லை.

"பிள்ளை, உது எண்ணெய் அடிக்குதோ, இல்லாட்டிச் சும்மா மூச்சு விடுதோ?"

"அடிக்குது அண்ணே. மெல்லிசா அடிக்கும், அதான் தெரியல. நீங்க தூரிகையில பூசுறதுல பாதி எண்ணெய் வீண்."

பாதி வீண்! முதலாளிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

அப்போதுதான் அந்தக் கண்ணைக் கண்டேன். பெட்டியின் முன்பக்கத்தில், பெருவிரல் நகத்தளவில் ஒரு கண்ணாடி. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வெளிச்சம். நான் இடப்பக்கம் போனேன், அது என்னைப் பார்த்தது. வலப்பக்கம் போனேன், அப்போதும் பார்த்தது. தர்ஷினி அதைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டுதான் இருந்தாள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் ஏற்கெனவே விளங்கிவிட்டதே. அது கமரா.

ஆதாரம் இல்லாமல் நான் ஒருவரையும் சந்தேகிக்கிறதில்லை. ஒன்று, கொஞ்ச நாளாக முதலாளி கையிலிருக்கும் போனைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு, அன்று பின்னேரம் நான் முக்காலியில் கொஞ்சம் சாய்ந்த உடனேயே உள்ளே வந்து, "என்ன தவம், களைப்போ?" என்று கேட்டார். எப்படித் தெரியும்? நான் சும்மா இருக்கிறதைப் படம் பிடித்து, பிறகு அதைக் காட்டி என்னை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். (முதலாளி போனில் பார்த்துச் சிரித்தது தன் பேரப்பிள்ளை தவழுகிற வீடியோவை. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல நாள் என்று முதலாளி மெசினுக்குச் சின்னதாக ஒரு பூசை வைத்தார். எங்கள் பேக்கரியில் புதிதாக எது வந்தாலும், மா குழைக்கிற மெசின் என்றாலும் வான் என்றாலும், சந்தனம் குங்குமம் வைக்கிறது நான்தான். வெள்ளிக்கிழமை விரதக்காரன் என்று எனக்கு ஒரு நல்ல பெயர்.

தேங்காய் உடைத்தாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. சந்தனக் கிண்ணத்தோடு நான் மெசினைச் சுற்றி வந்தேன். பட்டிக்கு ஒரு பொட்டு. எண்ணெய்த் தாங்கிக்கு ஒன்று. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒன்று. கடைசியாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றேன். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். விரலில் வழித்தெடுத்த சந்தனத்தை, சாமிக்குக் கூட நான் அவ்வளவு தாராளமாக வைத்ததில்லை, அந்தக் கண்ணாடி மேல் அப்பி, அதற்கு மேல் குங்குமமும் வைத்தேன்.

"வடிவாயிருக்கு!" என்று முதலாளி கும்பிட்டார். பிறகு தர்ஷினியை வடை சாப்பிடக் கூட்டிக்கொண்டு முன்பக்கத்துக்குப் போனார். "நேற்று நல்லாத்தானே ஓடினது பிள்ளை, வாரும். தவம் அச்சை வைப்பான்."

அன்று பெரிய ஓடர். முல்லைத்தீவுக் கரையில் ஒரு அந்தோனியார் கோயில் திருவிழா. மேரி அக்கா என்று ஒருவர், கடலில் நாலு நாள் காணாமல் போன மகன் உயிரோடு கரை சேர்ந்ததற்காக, வருகிற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பாண் கொடுக்கிறதாக நேர்ந்திருந்தார். மூன்று மணிக்கு வாகனத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

நான் அச்சுகளை வைக்கத் தொடங்கினேன். பட்டி ஓடியது. அச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. 'புஸ்' இல்லை.

இரண்டாவது அச்சு. 'புஸ்' இல்லை. மூன்றாவதைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

பிள்ளைகளே, நான் உங்களுக்கு ஒருநாளும் சொல்லாத இடம் இதுதான். எனக்குத் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் வடையோடு ஓடி வந்திருப்பார்கள். என் தூரிகையும் பேணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் மனதுக்குள் ஒரு சந்தோசம் குதித்தது. மெசின் பழுது! பத்துப் பாண் ஒட்டினால் போதும், முதலாளி இதைத் திருப்பி அனுப்பிவிடுவார். நான் வாயை மூடிக்கொண்டு எல்லா அச்சையும் வைத்து முடித்தேன்.

பத்துப் பாண்தான் ஒட்டும் என்று ஏன் நினைத்தேன்? ஏனென்றால் பழைய அச்சில் பழைய எண்ணெய் ஊறியிருக்கும். ஆனால் முதல் நாள், புது மெசினுக்கு முன்னால் நம் அச்சு மானம் கெடக்கூடாதென்று, அத்தனை அச்சையும் சாம்பல் போட்டு வெள்ளி மாதிரி மினுக்கி வைத்தவன் யார்? (வேறு யார்!)

பாண் நல்லாகத்தான் பொங்கியது. போறணையிலிருந்து பொன்னிறமாக வந்தது. ராசன் முதலாவது அச்சைக் கவிழ்த்து மேசையில் தட்டினான். விழவில்லை. பலமாகத் தட்டினான். விழவில்லை. தலைக்கு மேலே தூக்கி அடித்தான். பாணின் மேல்பாதி மட்டும் கழன்று விழுந்தது. கீழ்ப்பாதி அச்சுக்குள் இருந்து எங்களைப் பார்த்தது.

அடுத்தது. அதுவும் அப்படியே. அதற்கடுத்தது மூன்று துண்டு. கொஞ்ச நேரத்தில் பேக்கரி முழுக்க ஆளுக்கொரு தகரத்தை அடிக்கிற சத்தம். றோட்டில் போனவர்கள் கூரை போடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். ராசன் கரண்டியால் தோண்டினான். முதலாளி கத்தியால் குத்தினார், கத்தி வளைந்தது. நானும் மும்முரமாகத் தட்டினேன். (குற்றவாளிதான் எப்போதும் கூடத் தட்டுவான்.)

மூன்று மணிக்கு முன்னமே மேரி அக்கா வந்துவிட்டார். மேசையைப் பார்த்தார்.

"தம்பி, நான் பாண் எல்லே கேட்டனான்? நீங்கள் புட்டு அவிச்சு வைச்சிருக்கிறியள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு முழுப் பாண் எண்டு நேந்தனான். முழுசா ஒண்டாவது கிடக்கே?"

கிடக்கவில்லை. அவர் மாச் சாக்குகளைக் கேட்டு வாங்கி, துண்டுகளைத் தன் கையாலேயே அள்ளிப் போட்டார். "அந்தோனியார் என்னை மன்னிப்பார். உங்களைப் பற்றி நான் அவரிட்டக் கதைக்க மாட்டன்," என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்.

முதலாளியின் கோபம் முழுக்கத் தர்ஷினி மேல் திரும்பியது. கொம்பனிக்குப் போன் எடுத்து, பழுதான மெசினைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கத்தினார். நான் பக்கத்தில் நின்று, "நான் நேற்றே சொன்னனான் அண்ணை, இது சும்மா மூச்சுத்தான் விடுது," என்று சாட்சி சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகம் வாடியது. ஆனாலும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு மெசினுக்குக் கீழே படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணில் வந்து நின்றாள். நகத்தால் சுரண்டினாள். மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள்.

"சந்தனம்," என்றாள்.

எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள். விரல் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது.

"இந்தக் கண்ணுக்கு அச்சு வர்றது தெரிஞ்சாத்தான் எண்ணெய் அடிக்கும். கண்ண மூடிட்டா அது எப்படி அடிக்கும்?"

"நான்... சாமிக்கெண்டுதான் வைச்சனான்," என்றேன்.

ராசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். முதலாளி தலையில் கையை வைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பக்திமான் எல்லே! உன்னை என்ன செய்யிறது? சரி, நாளையில இருந்து இந்த மெசின் உன்ர பொறுப்பு. உன்னைப்போல அதை முழிச்சு முழிச்சுப் பாக்கிறவன் வேற ஆர் இருக்கிறான்?"

வேலை தப்பியது. உங்கள் கதை முடிகிற இடமும் இதுதான்.

முதலாளியும் ராசனும் போன பிறகு தர்ஷினி தன் சாமான்களைப் பையில் அடுக்கினாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, அது கேமரா இல்ல. நம்மளயெல்லாம் அது பாக்காது. தகரத்த மட்டுந்தான் பாக்கும்."

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஒட்டின அச்சுகள் எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவுவது என் தலையில் விழுந்தது. கழுவி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மற்றவர்கள் முன்பக்கத்தில் பணிஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசி அச்சை அடுக்கப் போனபோதுதான் மெசினின் பக்கத்தில் ஒரு அட்டை தொங்குவதைக் கண்டேன். பழுது பார்த்தால் எழுதி வைக்கிற அட்டை. அதில் தர்ஷினியின் கையெழுத்து இருந்தது. 'பழுது: கண் மறைந்தது. காரணம்: மெசினைப் பாவிப்பவருக்கு நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.' கீழே அவளுடைய ஒப்பம். கொம்பனிக்காரர் வந்தால் முதலில் பார்க்கிறது அதைத்தான். முதலாளியும் பார்ப்பார்.

அட்டையைக் கழற்றி எடுத்தேன். பிறகு ஓடர் எழுதுகிற பேனையை எடுத்து வந்து, காரணம் என்று இருந்த வரியை ஒரு கோட்டால் வெட்டினேன். அதற்குக் கீழே, எழுத்துப் பிழை வராமல் மெதுமெதுவாக, 'வேண்டுமென்றே மூடியது தவம்' என்று எழுதி, நானும் ஒப்பம் வைத்து, அட்டையை எழுத்து வெளியே தெரிகிற மாதிரித் திருப்பித் தொங்கவிட்டேன்.