ஜிஜாவின் முடியும் அப்பாவின் ரப்பர் விளையும்

காரோடு,
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய சத்யபாமா அத்தைக்கு, அண்ணன் மகள் ஷீஜா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, பசு, நான் எல்லோரும் நலம். அங்கே உங்கள் முட்டுவலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்க வேண்டுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் நான் சொல்லாமல் விட்டது இது: “ஜிஜா, தலையை மாத்து, பால் வடியுது.” ஐந்தே சொற்கள். சொல்லியிருந்தால் உங்கள் மகளின் இடுப்பளவு முடி இன்றும் இடுப்பளவு இருந்திருக்கும்.

பதறாதீர்கள், முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு வேலையில் தூக்கம் கெட்டுப்போன ஜிஜாவை, தினமும் முக்கால் மணி நேரம் மரங்களுக்கிடையில் இருக்கச் சொன்னார் டாக்டர். நீங்களும் இங்கே அனுப்பினீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மரங்களுக்கிடையில் இருந்தால் மனம் தெளியும் என்று மூன்று வருடம் முன்பே நான் படித்து, ஜப்பான்காரர்கள் இதைக் காட்டுக் குளியல் என்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். “குளிக்க வீட்டுல எடம் உண்டுல்லா?” என்றார். ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகும்போது நானும் வரட்டுமா என்று பத்து வயதிலிருந்து கேட்கிறேன். “விளைக்குள்ள பாம்பு உண்டு, வேண்டாம்” என்பார். ஜிஜா கேட்டதும், “பாம்பா? அது நம்மளக் கண்டா ஓடும் மக்கா, நீ வா” என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இருபத்தாறு வருடத்தில் அப்பா எனக்கு ஒரு பறவையின் பெயர்கூடச் சொன்னதில்லை அத்தை. அவளுக்கு ஒன்பது சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போது அவள் ஒவ்வொன்றாக ஒப்பித்தாள், நான் எண்ணினேன்.

வியாழக்கிழமை கட்டன்சாயா கொண்டுபோனேன். அப்பா அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தார். ஜிஜாவோ அப்பா அப்போதுதான் பால் வெட்டிய மரத்தில் சாய்ந்து, கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். தலை இடித்து, பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை ஒதுங்கி, பால் சொட்டுச் சொட்டாகப் பின்னலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பால் முடியில் காய்ந்தால் என்னாகும் என்று இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். சாயாவை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பிறகு கேக்கணுமா? பக்கத்து வீட்டு ஆனந்தபாய் அக்கா தேங்காயெண்ணெய் தேய்ச்சா, மண்ணெண்ணெய் தேய்ச்சா, கடைசியில தலை முழுக்க நாத்தம்தான் மிச்சம். அப்பா வந்து தொட்டுப் பார்த்து, “இதுக்குக் கத்திரிதான் மருந்தாக்கும்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு டைபாய்டு வந்தப்ப, “எல்லாருக்கும் வாறதுதான்”னு சொன்ன மனுசன்! வெட்டின முடி கழுத்தளவு நிக்குது. அதுவும் அவளுக்கு அழகாத்தான் இருக்கு அத்தை, பொய் சொல்லப்பிடாது. அதைத்தான் என்னால தாங்க முடியல.

தவறு என்னுடையதே. மன்னிக்க வேண்டாம், அவளைக் கூப்பிட்டுக்கொண்டால் போதும். தூக்கம் நன்றாக வருகிறது, வைத்தியம் முடிந்தது. களியக்காவிளையில் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன்.

மாமாவுக்கு என் பணிவும், உங்கள் முட்டுக்கு என் பிரார்த்தனையும்.

அன்பு குறையாத,
ஷீஜா

பி.கு.: இன்று ஞாயிறு. உறையை ஒட்டுமுன் மனம் கேட்காமல் நேற்று இரவு ஜிஜாவிடம் ஒப்புக்கொண்டேன். சிரித்தாள். “போடீ, மொதச் சொட்டு கழுத்துல விழுந்தப்பவே எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா முடிய வெட்டணும்னு கேக்கேன், அம்ம விடல்ல. அதான் அசையாம இருந்தேன். அம்மைகிட்ட சொல்லிராத கேட்டியா?” சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதனால் எழுதுகிறேன்.

அவளைக் கூப்பிட வேண்டாம் அத்தை. இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும். காலை ஐந்தரைக்கு அப்பா மூன்று முறை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை, அப்படி ஒரு தூக்கம். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை முற்றத்தில் இறக்கிவைத்தார். பிறகு என் கதவைத் தட்டி, “ஷீஜா, நீ வாறியா?” என்றார்.

போனேன்.