பூஜைக் கணக்கில் அமெரிக்கத் தலையீடு

பெற்ற பிள்ளையை ஒருநாளும் மறக்காத தாய் உலகில் ஒருத்தி உண்டென்றால், அது அமெரிக்காதான். பிள்ளை எந்தக் கண்டத்தில் குடியிருந்தாலும் வருடம் தவறாமல் வரிக்கணக்குக் கேட்பாள். பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்காகவே ‘சர்வதேச வரி ஆலோசகர்’ என்னும் புண்ணிய ஆத்மாக்கள் அவதரித்திருக்கிறார்கள். கொல்கத்தா நியூ டவுனில் பத்தொன்பதாம் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் மாதவி அவர்களில் ஒருத்தி.

எங்கள் டாக்குரியா குடியிருப்பின் சிபி, அப்பாவின் ஆபீஸ் வேலையால் ஹூஸ்டனில் பிறந்துவிட்ட அமெரிக்கப் பிரஜை. ஒன்றரை வயதில் திரும்பியவன். தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவான். எங்கள் துர்கா பூஜை கமிட்டியின் பொருளாளரும் அவனே. வெங்கடநாராயணனாகிய நான் பதினோரு வருடமாகச் செயலாளர். அவன் வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போடுவான். மற்ற சிரமமெல்லாம் என்னுடையது. பாஸ்புக் என் பீரோவில். அதைக் காட்டச் சொல்லி இதுவரை யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை.

மாதவியிடம் அவனுக்குத் துணையாகப் போனேன்.

“சிபி கையெழுத்துப் போடற எல்லா அக்கவுண்ட்டையும் காட்டணும் அங்கிள். பூஜை அக்கவுண்ட்டும்தான். போன வருஷம் அதிகபட்சமா எவ்வளவு இருந்ததுன்னு பாஸ்புக் பார்த்துச் சொல்லுங்கோ.”

“துர்கை எதுக்கும்மா அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டணும்?”

“துர்கை இல்லை அங்கிள், சிபி.”

“காட்டலேன்னா எனக்கு ஃபைன், மாமா,” என்றான் சிபி பாவமாக.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டினேன். ‘தேச இறையாண்மை’ குறித்து நாற்பது நிமிடம் பேசினேன். பக்கத்து ஃபிளாட் வங்காளி தத்தா கண் கலங்கினார். சிபியைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அனைவருக்கும் சிங்காரா என்னும் வங்காளத்துச் சமோசா சூடாக வழங்கப்பட்டது.

மறுநாள் மாதவியைக் கூப்பிட்டு நற்செய்தியைச் சொன்னேன்.

“போன வருஷம் அவன் கையெழுத்து இருந்ததே அங்கிள். அதைக் காட்டித்தான் ஆகணும்.”

“அப்படின்னா பிரஜா உரிமையையே விட்டுடச் சொல்றேன்.”

“விடணும்னா அஞ்சு வருஷக் கணக்கும் ஒழுங்கா இருக்கணும். அஞ்சு வருஷ பாஸ்புக் இருக்கா?”

ஒரு வருடமே போதும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். பாஸ்புக்கை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

“தேடவே வேண்டாம் அங்கிள். நேத்து மத்தியானமே சிபி பேங்க்ல ஸ்டேட்மெண்ட் வாங்கிண்டு வந்துட்டான். ஒரே ஒரு சந்தேகம். பந்தல் போட்டவர், மேளம் அடிச்சவர், புரோகிதர், மூணு பேருக்குமே பேர் வெங்கடநாராயணனா?”

வரிக்கு உதவி கேட்டுப் போனால், இருபது குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய மனிதனைப் போய்க் கேள்வி கேட்கிறார்கள். நம்பிக்கைத் துரோகம் என்றால் இதுதான்.