பூஜையில் வைத்த பாஸ்வேர்ட்

அரசாங்கச் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து மதித்து நடந்த ஆள் இந்த நாட்டிலேயே நான் ஒருத்திதான். அந்தக் கூத்தைச் சொல்கிறேன்.

யுத்த காலம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு மின்நிலையத்தில் எனக்குக் கணினி வேலை. (தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் அப்போதும் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான். ஆனாலும் நாட்டுக்கே கரண்ட் கொடுப்பவள் நான்தான் என்று நினைப்பு!) மின்நிலையக் கணினிகளைப் பாதுகாக்கக் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பெயர், பிறந்த நாள் கூடாது. எழுதினால், வேறு யாரும் எடுக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும்.

மறுநாள் சரஸ்வதி பூஜை, எனக்கு லீவு. வேலை முடிந்து கிளம்புமுன் எனக்கே ஞாபகம் நிற்காத ஒரு பாஸ்வேர்டைப் போட்டு, கொப்பியில் ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டுக்குக் கொண்டு வந்து சாமி படத்தடியில் வைத்துச் சந்தனமும் பூசினேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி விடியும்வரை எங்கள் லயத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள். இதைவிடப் பத்திரமான இடம் ஏது?

பூஜையன்று மத்தியானம் எங்கள் எஞ்சினியர் மூச்சிரைக்க வாசலில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை, கம்ப்யூட்டர் திறக்குதில்லை. தமிழாக்கள் வேணுமெண்டு பூட்டிப்போட்டினம் எண்டு கதை எழும்பீட்டுது. பாஸ்வேர்டைத் தாரும்!"

"பூஜையில இருக்குங்க சேர். நாளைக்குக் காலையில எடுத்துத் தந்திர்றேன்."

(சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன், பாவி.)

ஒரு மணி நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்தது. எஞ்சினியர் பின்சீட்டில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். பொலிஸ்காரர் சப்பாத்தோடு சாமி படத்தை நோக்கிப் போனபோது, தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்த என் தம்பி செல்வம் குறுக்கே நின்றான். "சப்பாத்த கழட்டிட்டு வாங்க சேர்" என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னான்.

இடது காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. கொப்பியையும் அவனையும் ஒன்றாகத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள்.

கணினி அன்றே திறந்துவிட்டது. செல்வம் வர ஐந்து நாள் ஆயிற்று. அதுவரை அம்மா பொலிஸ் வாசலிலேயே கிடந்தார். நான் கையை நீட்டி அந்தக் கொப்பியை எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். சாமி ஒன்றும் கோபித்திருக்காது.

அறை வாங்கிய காது அதோடு கேட்காமல் போயிற்று. இப்போதும் வீட்டில் யாராவது ரகசியம் பேச ஆரம்பித்தால், செல்வம் தலையைத் திருப்பி இடது காதைக் காட்டுவான்.

"இதுல சொல்லி வையிக்கா. வேற யாரும் எடுக்க முடியாத எடம்."

வீடே சிரிக்கும். நானும்தான், வேறென்ன செய்ய.