எட்டுச் சென்ரிமீற்றரும் உங்கள் வளவின் மூலையும்

கல்முனை
2025 பெப்ரவரி 11, செவ்வாய், காலை 7.40
நடைபாதையில் தடைகள்: பதினொன்று

மதிப்புக்குரிய மீராசா மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமியும் ஜெனூபாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருப்பீர்கள். நாங்களும் நலம். சுகம் விசாரிப்பு முடிந்தது, விடயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகளுக்காக நீங்கள் கட்டிவரும் வீட்டின் மதில் மூலையில் வெள்ளைப் பெயின்ரால் ஒரு பெருக்கல் குறி கிடப்பதைக் கண்டு நேற்று நீங்கள் கொதித்தீர்களாம். எங்கள் கலியாணம் பேசிய சீனிமுகம்மது காக்கா பின்னேரமே வந்து, நீங்கள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் ஒப்புவித்தார்: "மாப்பிள்ள குடி வாறதுக்கு முதலே ரெலிபோன் பெட்டி குடி வருதாமே!" குறி போட்டவன் நான்தான். ஏன் என்று அளவோடு சொல்கிறேன்.

என் கூடப்பிறந்த ராத்தா ஆகிலா சக்கர நாற்காலியில் நடமாடுபவர் என்பது உங்களுக்குத் தெரியும். வருகிற திங்கட்கிழமை, புதுக் கடைத்தொகுதியிலுள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேருகிறார். முப்பத்திரண்டு வயதில் முதல் வேலை. "தனியாப் போய்த் தனியா வருவன். ஆராச்சும் பின்னால தள்ளினா வேலையே வேணாம்" என்று உம்மாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். கடைத்தொகுதிக்குச் சாய்தளம் இருக்கிறது, நல்ல சாய்தளம், குறை சொல்ல ஏலாது. அதுவரை போகும் புது நடைபாதையில் பார்வையில்லாதவர்களுக்கு மஞ்சள் கற்கள்கூடப் பதித்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் வரிசை நேராகப் போய் ஒரு மின்கம்பத்தில் முட்டுகிறது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி தொடங்குகிறது. எங்கள் கடப்பு வாசலிலிருந்து சாய்தளம்வரை 430 மீற்றரையும் நாடா பிடித்து அளந்தேன். கம்பம், அதை இழுத்துக் கட்டிய கம்பி, புதுக் கம்பம் நட்ட பிறகும் பிடுங்காமல் விட்ட பழைய கம்பம் என்று மொத்தம் பதினொரு தடைகள். அவற்றில் பத்தையும் ராத்தா சுற்றிப் போவார். பதினொன்றாவது உங்கள் வளவுக்கு முன்னால் நிற்கும் தொலைபேசி இணைப்புப் பெட்டி. பாதை 150 சென்ரிமீற்றர். பெட்டியும் அதன் கொங்கிறீட் பீடமும் 92. மிச்சம் 58. நாற்காலி 66. எட்டுச் சென்ரிமீற்றர் போதாது மாமா, கணக்கு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். பெட்டியடியில் நாற்காலி நின்றதும் தேத்தண்ணிக் கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து, கேளாமலே நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். ஒருவர் "மெதுவா, மெதுவா" என்கிறார், மற்றவர் "பிஸ்மில்லாஹ்" என்கிறார். மேலேயிருந்து ராத்தா கத்தினார்: "சந்தூக்கத் தூக்கிற மாதிரித் தூக்கிறீங்களே, நான் இன்னும் மௌத்தாகல்ல, உசிரோடதான் இருக்கன்!" தெருவே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து பகல் சோறு தின்னவில்லை.

ஆகவே நேற்றுக் காலை, பெட்டிக்குப் பொறுப்பான அப்துல் ஸமட் ஐயாவைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். "தம்பி, பெட்டிய ஆகாசத்துல தொங்கவிட ஏலா. ஆராவது வளவுக்குள்ள மூணடி தந்தா வியாழக்கிழமையே மாத்திறம்" என்றார். உங்கள் மதில் மூலையைக் காட்டினேன்.

"இது ஆருட வளவு?"

"எங்கட."

"எங்கட எண்டா?"

"நோன்புப் பெருநாள் முடிய எங்கட."

படிவத்தை நீட்டினார். 'காணி உரிமையாளர்' என்ற கோட்டில் மசூர் என்று கையெழுத்துப் போட்டேன். நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை போய் இருக்கிறவன், ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். இது எனக்கும் தெரியும். அந்த நேரம் என் தலைக்குள் எட்டுச் சென்ரிமீற்றரைத் தவிர ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டது பிழை, ஒத்துக்கொள்கிறேன். அளவு பிழையில்லை. குடிசார் பொறியியல் டிப்ளோமா முடித்தவன் நான். மூன்று தரம் அளந்தேன்.

இத்துடன் புதுப் படிவம் வைத்திருக்கிறேன். உரிமையாளர் என்ற முறையில் நீங்கள் ஒப்பமிட்டால் போதும். கோபத்தில் கலியாணத்தை நிறுத்துவதென்றால் தயவுசெய்து வெள்ளிக்கிழமை நிறுத்துங்கள். வியாழக்கிழமைதான் பெட்டி மாற்ற ஆட்கள் வருகிறார்கள்.

உங்கள் வேளாண்மை பதரில்லாமல் வீடு வந்து சேரவும், மாமியின் முழங்கால் நோவு குறையவும் துஆச் செய்யும்,

உங்கள் மருமகன் (இந்த நிமிடம்வரை)
மசூர்

பிற்குறிப்பு, காலை 11.15: கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்கள் மகள் ஜெனூபா அழைத்தார். "நிக்காஹ்வுக்கு முதலே எண்ட வளவ எழுதிக் குடுத்திட்டீங்க. மறுகா என்னத்தயெல்லாம் குடுப்பீங்களோ?" என்றார். காணி உறுதியை நீங்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே அவர் பெயருக்கு எழுதிவிட்டீர்களாமே! அதன் பிரதியோடு இன்று காலை தானே போய், என் படிவத்தைக் கிழிக்க வைத்து, தன் கையெழுத்தைப் போட்டு வந்திருக்கிறார். ஆகவே மேலே உள்ளது முழுவதும் தவறான ஆளுக்கு எழுதியது. அளவும் பிழையாம். "நீங்க குறி போட்ட மூலையில பெட்டிய வெச்சா கடப்புக் கதவு அதுல அடிபடும், இஞ்சினியர்! மற்ற மூலைக்கு மாத்திட்டன்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். அடிபடும்தான். அதைவிட மோசம், உங்கள் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. திறந்தால் நடைபாதையில் மிச்சம் 40 சென்ரிமீற்றர். நான் அதை எண்ணவேயில்லை.

இனி நான் செய்யப் போவது:

1. வெள்ளைக் குறியைச் சுரண்டி, மதிலுக்குப் பெயின்ர் அடிப்பேன். நிறம் ஜெனூபா சொல்வது.
2. ஞாயிற்றுக்கிழமைக்குள் கதவின் பிணைச்சல்களைக் கழற்றி உள்பக்கம் திறக்க மாற்றுவேன். கேட்டுவிட்டேன், உரிமையாளர் "ஓம்" என்றார்.
3. திங்கட்கிழமை காலை ராத்தாவுக்குப் பின்னால் போகமாட்டேன். அரை மணித்தியாலம் முன்னாலேயே போய், கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் கதிரையில் குந்தியிருப்பேன். அவர் தனியாக உள்ளே வந்து, "என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும்.