பிஸ்டலை வந்து எடுத்துப்போகவும்

வேலம்பாளையம்,
நாமக்கல் வழி.
22-9-1985

ஜபல்பூர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருக்கும் மாப்பிள்ளை சின்னுசாமி அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் வெள்ளியங்கிரி எழுதிக்கொண்டது. அங்கே நீங்களும், தங்கச்சி சென்னியம்மாளும், குழந்தைகளும் நல்லபடியாக இருக்க நம்ம செல்லாண்டியம்மன் துணை இருப்பாள். இங்கே நானும், உங்கள் அக்காள் முத்தாயம்மாளும், பண்ணையில் உள்ள கோழிகளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை.

மாப்பிள்ளை, தைப்பொங்கலுக்கு லீவில் வந்தீர்கள். மற்ற தாய்மாமன்கள் அக்காள் மகளுக்குத் தாவணி எடுத்துக் கொடுப்பார்கள், மிஞ்சிப்போனால் ஒரு ஜிமிக்கி. நீங்கள் என் ஒரே மகள் சௌந்திரத்தின் கையில் ஒரு ஏர் பிஸ்டலைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள். "மச்சான், இது வெறும் காத்துல சுடறதுங்க. வெளையாட்டு. பொண்ணுக்குக் கை ஆடவே மாட்டேங்குது, இந்த மாதிரி கையப் பட்டாளத்துலயே நான் பாத்ததில்லீங்க" என்று சொன்னீர்கள். வெறும் காற்றுதானே, சைக்கிள் பம்பு மாதிரி என்னவோ என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அந்தக் காற்று எட்டு மாதமாக இந்த வீட்டில் என்னென்ன செய்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சுடுவதற்குப் பத்து மீட்டர் இடம் வேண்டுமென்று எழுதியிருந்தீர்களாம். அவள் கோழிக் கொட்டகைக்குப் பக்கத்துச் சந்தைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு தகரத்தை நிறுத்தி, அதன்மேல் வட்டம் போட்ட அட்டையை ஒட்டினாள். குண்டு பயறு அளவுதான் இருக்கும், ஆனால் தகரத்தில் பட்டால் டங்கென்று சத்தம். இரண்டே நாளில் முட்டை பொறுக்கும் குஞ்சம்மாள் வெறுங்கூடையோடு வந்து நின்றாள். "ஏனுங்க, கோழியெல்லாம் ஒரே மூலையில கும்பலா நிக்குதுங்க. முட்டையும் இல்ல, சத்தமும் இல்ல. நான் என்னமோ பண்ணிப்போட்ட மாதிரி என்னையே மொறைக்குதுங்க" என்றாள். சௌந்திரத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிங்கப்பா, சத்தம் வராம பண்ணிக்கறனுங்க" என்று போனாள். மறுநாள் சத்தமே இல்லை, கோழிகளும் மூலையை விட்டு வந்தன. எனக்கும் சந்தோஷம்தான். ராத்திரி படுக்கப்போனபோதுதான் தகரத்தின்மேல் அவள் கட்டியிருப்பது என் இலவம்பஞ்சு மெத்தை என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு பஸ். கை நடுங்காமல் இருக்க வெறுங்கையில் பாரம் பிடித்து நிற்க வேண்டும் என்றும், பிஸ்டலை ஆள் நடமாடும் பக்கம் மறந்தும் நீட்டக்கூடாது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். சொன்னபடியே பிள்ளை காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் வாசலில் நின்று, பாதிச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு, ரோட்டுப் பக்கம் ஒற்றைக் கையை நீட்டுவாள். நீட்டினால் நீட்டினதுதான், கண்ணைக்கூட இமைக்க மாட்டாள். நம் வீட்டு முன்னால் திருச்செங்கோட்டு பஸ் போகிறது அல்லவா? டிரைவர் நிறுத்துவார். இவள் ஏற மாட்டாள். விசில் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். மறுநாளும் கை நீண்டிருக்கும், மறுபடியும் நிறுத்துவார். ஒருநாள் கண்டக்டர் இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். "என்னங்க இது? ஏறவும் மாட்டேங்குது, கைய எறக்கவும் மாட்டேங்குது. நிறுத்தாம போனா உள்ள இருக்கற சனம் திட்டுதுங்க, ஒரு பொம்பளப்புள்ளய உட்டுட்டுப் போறியேன்னு" என்றார். ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன்.

இந்தக் கதை சந்தைவரை போய், போகிற வழியில் வளர்ந்து, வெள்ளியங்கிரி ஊட்டில் துப்பாக்கி பதுக்கி வைத்திருக்கிறான் என்று ஆகிவிட்டது. ஏட்டு பச்சமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். லைசென்ஸ் எங்கே என்றார். இது காற்றுத் துப்பாக்கி, இதற்கு லைசென்ஸ் வேண்டாமென்று என் மாப்பிள்ளை சொன்னார் என்றேன். "அத நான் சுட்டுப் பாத்துத்தான் சொல்லோணும்" என்று வாங்கினார். அட்டையைக் குறி பார்த்தார். கொட்டகை முகப்பில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த பூசணிக்காயில் குண்டு ஏறியது. யாரும் சிரிக்கவில்லை, காக்கிச் சட்டை ஆயிற்றே. சௌந்திரம் மெதுவாக வாங்கி, ஒரு மூச்சு இழுத்து, பாதி விட்டு, நிறுத்திச் சுட்டாள். நடு வட்டத்தில் ஓட்டை. ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டுத் திட்டில் உட்கார்ந்தார். "அம்மிணி, அந்த மூச்ச எங்க நிறுத்தறது, இன்னொருக்கா சொல்லு" என்றார். விசாரணைக்கு வந்தவர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கிளம்பினார்.

ஆவணியில் சேலத்து ரைபிள் கிளப்பில் இளம்பிள்ளைகளுக்குப் போட்டி என்று நீங்கள் எழுதிப்போட்டீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், அங்கே போய்த் தோற்றுவிட்டு வந்தால் இதோடு தொலையும் என்ற எண்ணத்தில்தான் நானே கூட்டிப் போனேன். அங்கே வந்த பையன்களுக்கெல்லாம் கைக்கு அளவாகச் செதுக்கிய பிடி, தோல் பூட்ஸ். நம் பிள்ளை ரப்பர் செருப்பு. பிஸ்டல் பிடி உங்கள் பட்டாளத்துக் கைக்கு ஆனது, அவள் பிடிக்குச் சேராது என்று சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தாள். பெயர் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, "பெண் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் போட்டி இல்லைங்களே. வந்ததுக்குச் சும்மா வேணா ஒரு பக்கமா நின்னு சுட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

நான் நினைத்தது நடந்துவிட்டது அல்லவா மாப்பிள்ளை? சரிங்க என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதானே? சௌந்திரம் சுற்றியிருந்த டியூபைப் பிரிக்க ஆரம்பித்தாள். அந்த விரலைப் பார்த்தேன். அப்புறம் கத்தினது யாரென்று எனக்கே தெரியவில்லை. "சும்மா சுடறதுக்கு இது என்ன மாரியாத்தா நோம்பி பலூன் கடையா? எட்டு மாசமா என்ற பிள்ள செங்கல்லப் புடிச்சுட்டு நின்னது சும்மாவா? கோழி முட்டையிடாம போனது சும்மாவா? நான் கட்டாந்தரையில படுக்கறது சும்மாவா?" என்றேன். கோழிக்கும் இதற்கும் என்ன சம்பந்தமென்று அவருக்கு எங்கே புரியும்? மிரண்டுபோய்ப் பெயரை எழுதிக்கொண்டார்.

அவள் மூச்சை நிறுத்தும்போதெல்லாம் நானும் நிறுத்தினேன். அவளுக்கு அது பழக்கம், எனக்கு இல்லை. பாதிப் போட்டியில் கண் இருட்டிக்கொண்டு வந்து, பக்கத்துப் பையனின் அப்பா சோடா உடைத்துக் கொடுத்து உட்கார வைத்தார். முடித்துவிட்டு வந்தாள். அத்தனை பையன்களுக்கு நடுவில் மூன்றாவது இடம். சென்னையில் மாநிலப் போட்டிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "மொதல்ல வரலீன்னு வருத்தமா சாமி?" என்று கேட்டேன். "இல்லீங்கப்பா. கடைசில நிக்கும்போது என்னைச் சுத்தி ஒரு சத்தமும் கேக்கலீங்க. அது நல்லா இருந்துச்சுங்க" என்றாள். ராசிபுரம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து சௌந்திரத்தைக் கேட்டிருந்தார்கள். படிப்பு முடியட்டும் என்று பேச்சு நல்லபடியாகத்தான் இருந்தது. மூன்று நாளுக்கு முன்னால் ஆள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையனின் அம்மா, "துப்பாக்கி புடிக்கற பொண்ணுகிட்ட நான் எப்புடிங்க கொழம்புல உப்பு இல்லைன்னு சொல்றது?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து உங்கள் அக்காள் சோறு தண்ணி இல்லாமல் அழுகிறாள். நான் அன்றைக்கே சௌந்திரத்தைக் கூப்பிட்டு, போதும் சாமி, நிறுத்திக்கலாம் என்றேன். அவள் பிஸ்டலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, என் வேட்டித் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தாள். "மாமாகிட்டக் குடுத்துருங்கப்பா. துருப்புடிக்காம பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். மூன்று நாளாக பஸ் நிற்காமல் போகிறது.

ஆகையால் மாப்பிள்ளை, தீபாவளி லீவில் வந்து பிஸ்டலை எடுத்துப்போகவும். பெற்றவன் நிலைமை உங்களுக்குப் புரியும். தங்கச்சிக்கு எங்கள் விசாரிப்பு. குழந்தைகளின் தலையில் இந்த மாமனின் கையை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: தம்பிக்கு இரண்டு வரி நீயும் எழுது என்று உங்கள் அக்காளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டாள். "சம்மந்தம் போச்சுன்னு நான் அழுதனா? உப்பு இல்லாட்டி உப்பு இல்லைன்னு சொல்ல பயப்படற ஊட்டுக்கு என்ற பிள்ளய யாரு குடுக்கறது? அவ அதத் துணியில சுத்தி வெச்சதப் பாத்துத்தானுங்க எனக்குச் சோறு எறங்கல" என்றாள். இதை மூன்று நாளுக்கு முன்னால் சொல்லியிருக்கலாம் என்றேன். "நீங்க கேட்டீங்களா?" என்றாள். பிஸ்டலை எடுத்துக்கொண்டு, "சாமி, வா, இத எப்புடிப் புடிக்கறதுன்னு எனக்கும் காட்டு" என்று மகளையும் இழுத்துக்கொண்டு சந்துக்குப் போய்விட்டாள். இந்த நேரம் பார்த்து ஏட்டும் தன் இரண்டு பெண்களைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார், இன்றிலிருந்து ஞாயிறுதோறும் கற்றுக்கொள்வார்களாம். எனவே மேலே எழுதியதை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். வரும்போது சின்னக் கைக்கு ஆகிற மாதிரி இன்னொரு பிஸ்டலும் நிறையக் குண்டும் கொண்டுவரவும். சௌந்திரத்தைச் சென்னைக்கு நானே கூட்டிப் போகிறேன், மூச்சு விட இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதே உங்கள் அக்காள் உள்ளே வந்தாள். முதல் குண்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லையாம், இரண்டாவது நடுவுக்கு அடுத்த ஒன்பதாம் வட்டத்தில் விழுந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்று குழம்பு எப்படி இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லப்போகிறேன்.